அதிகாரிக்கு ஓரிடத்தில் பயிற்சி, ஆலைக்காரருக்கு வேறிடத்தில் பயிற்சி: ஒன்றாக வைத்தால் என்ன?

ஆலைக்கொட்டகை (கவுந்தப்பாடி)

உணவு பாதுகாப்புத் துறை நடத்தும் பயிற்சிகளைப் பற்றி இங்கே பேச விரும்புகிறேன். கரும்பு அரைப்பு சூடு பிடிப்பதற்குள் பேசிவிட்டால் நல்லது.

எங்கள் குடும்பம் நாட்டுச் சர்க்கரையும் உருண்டை வெல்லமும் காய்ச்சுகிறது. அண்மையில் எங்கள் வட்டாரத்து ஆலைக்காரர்களுக்கு ஒரு திருமண மண்டபத்தில் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். கை கழுவும் முறை, தலையுறை, பதிவுச் சான்று, லேபிளில் என்னென்ன அச்சிட வேண்டும், வெல்லத்தை வெளுக்கும் மருந்தான ஹைட்ரோஸ் போடக்கூடாது, சீனி கலக்கக்கூடாது, செயற்கை நிறம் கூடவே கூடாது என்று சொன்னார்கள். எல்லாம் சரியான பேச்சு. ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "ஹைட்ரோஸ் இல்லாமல் கரும்புப் பாலைத் தெளிய வைப்பது எப்படி என்று இங்கிருக்கும் இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்டார். அதை வேளாண்மைத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது.

எங்கள் தொழிலின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கொப்பரையில் கரும்புப் பால் சூடேறி அழுக்கு திரளும் நேரத்தில் சுண்ணாம்பு எவ்வளவு விட வேண்டும், வெண்டைச் செடியை நசுக்கி ஊறவைத்த கொழகொழப்பான நீரை எந்தப் பக்குவத்தில் ஊற்ற வேண்டும், அழுக்கை எப்போது வழித்தெடுக்க வேண்டும் என்பது கைக்கு வந்துவிட்டால் மருந்தைத் தேடும் தேவை பெருமளவு குறைந்துவிடும். இதெல்லாம் தெரிந்த தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. புதிதாகக் கொட்டகைக்கு வரும் பையனுக்கு முதலில் தெரிவது மருந்துப் பொட்டலம்தான்.

பயிற்சி கொடுத்த அதிகாரி இளைஞர். உணவுத் தொழில்நுட்பம் படித்தவர், எல்லோரிடமும் மரியாதையாகப் பேசினார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கொதிக்கிற கொப்பரை அருகே அவர் ஒரு நாள் முழுக்க நின்றதில்லை என்பது மட்டும் பேச்சிலேயே தெரிந்தது. அவர் எடுத்துப்போகும் மாதிரிக்கு ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்று நாங்களும் பார்த்ததில்லை. அதிகாரிகளையும் காய்ச்சுகிறவர்களையும் ஒரே ஆலையில், ஒரே நாளில் நிறுத்திப் பயிற்சி கொடுக்க முடியாதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நொய்யல் கரை (திருப்பூர்)

அண்ணா, உங்கள் எண்ணம் நல்லது, ஆனால் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வாங்கிச் சாப்பிடுகிறவர்களின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். சோதனை செய்ய வேண்டியவரும் சோதனைக்கு உட்பட வேண்டியவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகிவிட்டால், நாளைக்கு மாதிரி எடுக்க வரும்போது அவர் கை தயங்காதா? பொங்கலுக்கு முன்பு வெல்லம் பறிமுதல் என்ற செய்தியை ஆண்டு தவறாமல் படிக்கிறோம். பயிற்சிக்குப் போய் வந்தவர்களும் அதில் இருக்கத்தானே செய்வார்கள்? குழந்தைக்குக் கொடுக்கும் பொருளில் விளையாடுகிறவரைப் பிடிக்கிற கை கண்டிப்பாக இருக்க வேண்டும். நெருக்கம் வேண்டாம்.

பழைய ஆய்வாளர் (ஈரோடு)

பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இரு தரப்பும் எனக்குத் தெரியும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1954-ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டம் இருந்த காலத்தில் எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டது பெரும்பாலும் ஒன்றுதான்: மாதிரியைச் சட்டப்படி எடு, முத்திரை வை, நீதிமன்றத்தில் வழக்கு நிற்கும்படி ஆவணம் எழுது. வெல்லம் எப்படிக் காய்கிறது, நெய் எப்படி உருகுகிறது என்பதெல்லாம் பாடத்தில் கிடையாது. 2006-இல் இன்றைய உணவு பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தன. உணவு ஆய்வாளர் என்ற பதவி உணவு பாதுகாப்பு அலுவலர் ஆனது. உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்ற பட்டம் ஒன்று இருக்க வேண்டும், அதற்குமேல் இந்திய உணவு பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் ஆணையம் குறிப்பிடும் பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும் என்று விதி எழுதப்பட்டது. நல்ல மாற்றம்தான்.

அதைவிடப் பெரிய மாற்றம் சட்டத்தின் நோக்கத்தில் இருக்கிறது. பிரிவு 32-ஐப் பாருங்கள். விதிமுறை மீறல் கண்டால், மாவட்டத்தில் துறைப் பொறுப்பில் இருக்கும் நியமன அலுவலர் முதலில் மேம்பாட்டு அறிவிப்பு கொடுக்கலாம். என்ன குறை, எதைத் திருத்த வேண்டும் என்று எழுதி, குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும். இந்த அறிவிப்பை ஒழுங்காக எழுத வேண்டுமானால் திருத்தும் வழி அதிகாரிக்கு அல்லவா முதலில் தெரிய வேண்டும்? "சுகாதாரமற்ற நிலை, சரிசெய்க" என்று ஒற்றை வரி எழுதிக்கொடுத்தால் எதைச் சரிசெய்வார் அந்த மனிதர்? கொட்டகைக் கூரையில் ஒட்டடை இருக்கிறதா, பாகு கொட்டும் மரத்தொட்டியில் விரிசலா, கிணற்று நீர் கெட்டிருக்கிறதா? கண்டிப்புக்கும் தொழிலறிவுக்கும் பகை கிடையாது, திருப்பூர் சகோதரி. தொழில் தெரிந்த அதிகாரியை ஏமாற்றுவதுதான் கடினம். தெரியாதவர் தலையுறையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

உற்பத்தியாளர்களுக்கு யாரும் தெளிவாகச் சொல்லாத சில உரிமைகளும் இருக்கின்றன. அதிகாரி எடுக்கும் மாதிரிக்கு விலை கொடுக்க வேண்டும். அதை நான்கு பகுதியாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகும், இரண்டு நியமன அலுவலரிடம் இருக்கும். நான்காவது பகுதியை அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி நீங்கள் கேட்கலாம். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை தவறு என்று பட்டால் 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். மண்டப வகுப்புகளில் "செய்யாதே" பட்டியல் மட்டும் ஓடுகிறது. இந்த நான்காம் பகுதியைப் பற்றி அங்கே சொன்னால் அதிகாரியின் மேல் இருக்கும் பயம் பாதி குறையும்.

செக்கு மரம் (காங்கேயம்)

பழைய ஆய்வாளர் ஐயா சொன்னதை அச்செடுத்து எங்கள் செக்கில் ஒட்டிவைக்கப் போகிறேன்.

எங்கள் கதையையும் கேளுங்கள். நாங்கள் மரச்செக்கில் கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் ஆட்டுகிறோம். எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்கக் கூடாது, அடைத்து லேபிள் ஒட்டித்தான் விற்க வேண்டும் என்பது விதி. தூக்குப்போசியோடு வரும் பாட்டிக்கு இதை எப்படிச் சொல்வது என்று முதலில் எனக்கு மலைப்பாக இருந்தது. சட்டம் அப்படிச் சொல்கிறது என்று மட்டும்தான் வகுப்பில் சொன்னார்கள். திறந்த தகரத்தில் யார் எதைக் கலந்தாலும் பிறகு யாரையும் பொறுப்பாக்க முடியாது என்று காரணத்தை விளக்கியவர் கோவையில் இருக்கும் என் மைத்துனர். காரணம் தெரிந்தபின் நானே பாட்டில் வாங்கிவிட்டேன்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை பூஞ்சணம். ஈரம் போகாத நிலக்கடலையிலும் தேங்காய்ப் பருப்பிலும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. பெரிய ஆலையில் சுத்திகரிக்கும்போது அது பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கு எண்ணெயில் சுத்திகரிப்பே கிடையாது, வந்தது வந்தபடி இருக்கும். மிச்சம் பிண்ணாக்கில் தங்கி மாட்டுக்குப் போகிறது, மாட்டிலிருந்து பாலுக்கு வருகிறது. மாடும் செக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் இதைப் பற்றிப் பயிற்சி வகுப்பில் ஒரு வார்த்தை வரவில்லை. தேங்காய்ப் பருப்பில் ஈரப்பதம் 6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதை நான் கொள்முதல் மையத்து அறிவிப்புப் பலகையில் பார்த்துத்தான் கற்றேன். தலையுறை போட்டுக்கொண்டு பூஞ்சணம் பிடித்த பருப்பை ஆட்டினால் யாருக்கு என்ன பயன்?

ஈரப்பதம் பார்க்கும் கருவி ஒன்றைக் கையில் கொடுத்து, எங்கள் உலர் களத்திலேயே நிறுத்தி, நல்ல பருப்பையும் கெட்ட பருப்பையும் பிரிக்கச் சொல்லிப் பயிற்சி கொடுக்கட்டும். களத்துத் தொழிலாளிப் பெண்கள் அதிகாரிகளுக்கே கற்றுக்கொடுப்பார்கள். விரலால் முறித்துப் பார்த்தே ஈரம் சொல்லிவிடுவார்கள் அவர்கள்.

மாவுக்கார அக்கா (கோவை, கணபதி)

நான் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். மகளிர் குழு மூலம் தொடங்கிய தொழில். சிறு தொழிலுக்குப் பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான் என்பது தெரியாமல், பதிவு வாங்கித் தருகிறேன் என்று வந்த ஒரு முகவருக்குப் பல ஆயிரம் கொடுத்துவிட்டோம். எங்கள் குழுவில் மட்டும் இப்படி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். கணினியில் விண்ணப்பிப்பது எப்படி என்று அரைமணி நேரம் காட்டியிருந்தால் போதும். விண்ணப்பம் போட்டு 7 நாளுக்குள் பதிவு தர வேண்டும், அல்லது காரணம் சொல்லி மறுக்க வேண்டும், அல்லது நேரில் பார்க்க வருகிறோம் என்று அறிவிக்க வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறதாம். இதையும் பின்னால்தான் தெரிந்துகொண்டோம்.

பிறகு ஃபாஸ்டாக் (FoSTaC) என்ற உணவு பாதுகாப்புப் பயிற்சிக்குப் போனேன். 2017-இல் ஆணையம் தொடங்கிய சான்றிதழ்ப் பயிற்சி அது. உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவராவது அதில் தேறியிருக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு நடக்கிறது. பயிற்றுநர் தமிழில்தான் பேசினார், திரையில் வந்தது அத்தனையும் ஆங்கிலம். என்னோடு வந்த பெண்கள் ஐந்தாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு படித்தவர்கள். எல்லோருக்கும் சான்றிதழ் கிடைத்தது. மாலையில் பஸ்ஸில் வரும்போது ஒருவர் என்னிடம் கேட்டார்: "விரலில் வெட்டுக்காயம் இருந்தால் மாவைத் தொடக்கூடாது என்றார்களே, எப்படியும் இட்லியாக வேகத்தானே போகிறது, அப்புறம் என்ன?" அந்தக் கேள்வியை வகுப்பில் கேட்க அவருக்குக் கூச்சம். எனக்கும் பதில் தெரியவில்லை. இங்கே யாராவது சொல்லுங்கள்.

ஆய்வகத் தோழி (கோவை)

அக்கா, உங்கள் தோழியின் கேள்வி மிக முக்கியமானது. புண்ணிலும் மூக்கிலும் தொண்டையிலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா இருக்கும். அது உணவில் விழுந்து, அறை வெப்பத்தில் பெருகினால் ஒரு நச்சை வெளியிடும். வேகவைத்தால் பாக்டீரியா செத்துவிடும். நச்சு அந்தச் சூட்டில் அழியாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி பிடித்துக்கொள்வது அதனால்தான். நன்றாகப் புளித்த மாவில் அமிலம் அதைக் கொஞ்சம் அடக்கும். ஆனால் நீங்கள் புளிப்பதற்கு முன்பே பொட்டலம் போட்டு விற்கிறீர்கள், வாங்கியவர் எப்படி வைப்பார் என்று நமக்குத் தெரியாது. சட்னிக்கோ அந்தப் பாதுகாப்பும் கிடையாது. ஆகவே காயம் இருந்தால் நீர் புகாத கட்டும் கையுறையும் போட வேண்டும், அல்லது அன்றைக்கு அவர் கணக்கு எழுதட்டும்.

குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே, சூடானது 60 டிகிரிக்கு மேலே. நடுவில் நெடுநேரம் வைக்கக்கூடாது. வகுப்பில் இந்த எண்களை எழுதிப்போட்டால் மறந்துவிடும். அவரவர் குளிர்பெட்டிக்குள் ஒரு வெப்பமானியை வைத்து, மின்வெட்டு வந்தபின் என்ன காட்டுகிறது என்று பார்க்கச் சொன்னால் ஆயுளுக்கும் மறக்காது.

சித்தோடு மண்டி (ஈரோடு மாவட்டம்)

நான் வெல்ல வியாபாரி. ஆலைக்காரரையும் அதிகாரியையும் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நடுவில் நாங்கள் இருக்கிறோம், எங்களை எந்தப் பயிற்சிக்கும் யாரும் அழைத்ததில்லை.

உண்மையைச் சொல்லுகிறேன். ஏலத்துக்கு வரும் 30 கிலோ சிப்பத்தைப் பிரித்ததும் நாங்கள் பார்ப்பது நிறத்தைத்தான். பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் விலை ஏறும், கருத்திருந்தால் இறங்கும். வெளியூர்க் கடைக்காரர் எங்களிடம் அப்படித்தான் கேட்கிறார், அவரிடம் வீட்டுக்காரர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். ஹைட்ரோஸ் என்கிற சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் நிறத்தை வெளுக்கும். சில வாரம் போனால் அதே வெல்லம் கருத்துப்போகும். கருக்கும்போது அது எங்கள் கிடங்கில் இருக்காது, விற்றுப் போயிருக்கும். இந்த விலை வித்தியாசம் இருக்கும்வரை ஆலைக்காரரிடம் ஒழுக்கம் பேசி என்ன ஆகப்போகிறது? சுத்தமாகக் காய்ச்சியவர் சிப்பத்துக்கு நஷ்டப்பட்டு வீட்டுக்குப் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மனது கேட்கவில்லை.

ஆலைக்கொட்டகை (கவுந்தப்பாடி)

மண்டி அண்ணா, இதை ஒரு வியாபாரி வாயால் கேட்டது பெரிய ஆறுதல்.

நிறத்தின் பிடியிலிருந்து தப்பிய வழி ஒன்று எங்கள் ஊரிலேயே இருக்கிறது. பழனி தண்டாயுதபாணி கோயில், பஞ்சாமிர்தத்துக்கு வேண்டிய நாட்டுச் சர்க்கரையை எங்கள் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் 60 கிலோ மூட்டைகளாக வாங்குகிறது. பஞ்சாமிர்தத்துக்கு வெளுத்த சர்க்கரை எதற்கு? பழுப்பு நிறமும் மணமும் உள்ள சரக்குக்கு நிலையான ஒரு வாங்குநர் இருக்கிறார் என்று தெரிந்ததால், அதையே நம்பிக் காய்ச்சுகிறவர்கள் இங்கே உண்டு. விலை சொல்லிக்கொடுக்கும் பாடத்தை எந்த வகுப்பும் சொல்லிக்கொடுக்க முடியாது. அதனால் வியாபாரிகளையும் வகுப்பில் உட்கார வைக்க வேண்டும் என்று என் கோரிக்கையை மாற்றிக்கொள்கிறேன். ஹைட்ரோஸ் விட்டுச்செல்லும் சல்ஃபர் டை ஆக்சைடு வெல்லத்தில் கிலோவுக்கு 70 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. கண்ணுக்கு அழகான சிப்பத்தையும் கருத்த சிப்பத்தையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் அது எவ்வளவு என்று ஏலக்கூடத்திலேயே சோதித்துக் காட்டட்டும்.

மரவள்ளி (நாமக்கல்)

எங்கள் ஜவ்வரிசித் தொழிலிலும் இதே வெள்ளை மோகம்தான். சேலத்தில் 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் இருப்பதால், விற்பனைக்கு வரும் சரக்கின் மாதிரியை அங்கேயே ஆய்வகத்தில் பார்த்துவிடும் வழக்கம் உண்டு. வெல்லத்துக்கும் விற்கும் இடத்திலேயே சோதனை வைப்பது நடக்கக்கூடிய காரியம்தான். பிலிக்கல்பாளையம் வெல்ல ஏலத்துக்குப் போகிற எங்கள் பக்கத்து ஆலைக்காரர்களும் இதைத்தான் கேட்பார்கள்.

நொய்யல் கரை (திருப்பூர்)

மேலே எழுதிய எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். மஞ்சள் வெல்லம் கேட்டு வாங்கும் வீடுகளில் என் வீடும் ஒன்று என்பதால் மண்டி அண்ணா சொன்னது உறைத்தது. கூட்டுப் பயிற்சிக்கு என் எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. எந்த ஒன்றியத்து அதிகாரி எந்த ஆலையில் பயிற்சி பெறுகிறாரோ, அந்த ஆலையில் அவர் மாதிரி எடுக்கக் கூடாது. பவானி அதிகாரிகள் கோபிக்கு வரட்டும், கோபி அதிகாரிகள் மோகனூருக்குப் போகட்டும். தொழிலும் கற்றுக்கொள்ளலாம், நெருக்கமும் வராது. வாங்குகிறவர்கள் சார்பில் ஒருவர் அங்கே இருக்க வேண்டும் என்பதும் என் கோரிக்கை.

பழைய ஆய்வாளர் (ஈரோடு)

சகோதரியின் நிபந்தனை நியாயமானது. நான் பணியில் இருந்திருந்தால் நானே அதைத்தான் கேட்டிருப்பேன்.

செயல்படுத்த என்னென்ன கையில் இருக்கிறது என்று சொல்கிறேன். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் அறுவடைப் பின்சார் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. உணவுப் பதப்படுத்தும் பயிற்சிகளை நடத்திவருகிறவர்கள் அவர்கள். பாலைத் தெளிய வைப்பது பற்றிய பெரியவரின் கேள்விக்கு அங்கே ஆள் உண்டு. மாநிலத்தின் அரசு உணவுப் பகுப்பாய்வு ஆய்வகங்களில் கோவையும் சேலமும் நம் பக்கத்தில் இருப்பவை. உற்பத்தியாளர்களை அங்கே அழைத்துப்போய், முத்திரை உடைப்பதிலிருந்து அறிக்கை எழுதுவதுவரை காட்ட அனுமதி கேட்கலாம். பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டம் 2020-இல் வந்தது. அதில் 35 சதவீதம் மானியத்தோடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்வரை, பயிற்சியும் சேர்த்தே வைத்தார்கள். திட்டம் இன்னும் நடப்பில் இருந்தால், அந்தப் பயிற்சி நாள்களில் ஒன்றை ஆலையில் வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மனுவை மாவட்ட நியமன அலுவலருக்கும் ஆட்சியருக்கும் கொடுங்கள். ஐப்பசிக்குள் நடத்தும்படி கேளுங்கள். மார்கழியில் கொப்பரை இரவு பகலாக எரியும்போது யாருக்கும் நேரம் இருக்காது, மருந்தின் ஆசை அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். "விழிப்புணர்வு முகாம் வேண்டும்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், மறுபடியும் மண்டபமும் ஒலிபெருக்கியும் வரும். கொதிக்கும் கொப்பரை அருகே தெளிவிப்பு முறை, மாதிரி எடுத்து நான்காகப் பிரிக்கும் செய்முறை, ஏலக்கூடத்தில் சோதனை, தமிழில் அச்சிட்ட கையேடு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஆலைக்கொட்டகை (கவுந்தப்பாடி)

மனுவை நான் எழுதுகிறேன். பயிற்சிக்கு எங்கள் ஆலையைத் தருகிறேன், அரைப்பதற்குக் கரும்பும் தருகிறேன். வெண்டைச் செடி வைத்துத் தெளிய வைக்கத் தெரிந்த பெரியவரை நானே வண்டியில் அழைத்து வருகிறேன். செக்கு மரம் அண்ணா, களத்துப் பயிற்சியைத் தனி மனுவாகக் காங்கேயத்திலிருந்து கொடுங்கள். இரண்டும் கலந்தால் இரண்டும் நடக்காது.

சித்தோடு மண்டி (ஈரோடு மாவட்டம்)

ஏலத்துக்கு வரும் வியாபாரிகளிடம் நான் பேசுகிறேன். எல்லோரும் வருவார்கள் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். பெரிய அளவில் வாங்கும் சிலர் வந்தாலே போதும், மற்றவர்கள் அவர்கள் விலையைப் பார்த்துத்தான் கேட்பார்கள்.

மாவுக்கார அக்கா (கோவை, கணபதி)

மனுவில் எங்கள் குழுவின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தம்பி. கையேட்டுத் தமிழை அச்சுக்குப் போகும்முன் எங்களிடம் கொடுங்கள். எட்டாம் வகுப்பு படித்தவர்களுக்குப் புரிகிறதா என்று உரக்கப் படித்துப் பார்த்துச் சொல்லுகிறோம். பயிற்சி ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். மாவு வியாபாரம் அன்றைக்குத்தான் அதிகம்.